மச்சானின் மூன்று மார்க்

அந்தப் பள்ளிக்கூடத்து ஆபீஸ் அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டே நாற்காலிகள் கிடந்தன. ஒன்றில் என் மகள் உட்கார்ந்துவிட்டாள். மற்றது தகப்பனுக்கு. நான் உட்காரவில்லை. "நீங்க உக்காருங்க மச்சான்" என்று என் மனைவியின் அண்ணனைக் கைகாட்டி உட்கார வைத்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நீல பிளாஸ்டிக் நாற்காலி. சாய்மானத்தில் ஒரு விரிசல். மச்சான் சாயும்போதெல்லாம் அது கிறீச்சென்றது. மேசைமேல் ஒரு தாள் இருந்தது. பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் பிள்ளை எந்தக் கணக்கைப் படிக்கப் போகிறாள் என்று அதில் குறித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் எங்களை வரச்சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்கு நான் செய்ததை மரியாதை என்றே நினைத்தேன். எங்கள் வீடுகளில் பிள்ளைக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்வது தாய்மாமன். பெண் பெரியவளானால் முதலில் சேலை எடுத்து வருவது தாய்மாமன். ரங்கூனுக்கு வந்து நாலு தலைமுறை ஆகிவிட்டது. பேச்சில் பாதி பர்மியச் சொல்லாகிவிட்டது. உடுப்பு மாறிவிட்டது, சாப்பாடு மாறிவிட்டது. இந்த ஒன்றை மட்டும் நாங்கள் விடவில்லை. மடியில் வைத்துக் காது குத்தியவர் படிப்புக்கும் முன்னால் உட்காரட்டுமே என்று எனக்குப் பட்டது. அது போக, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயம். நான் எட்டாவதோடு நின்றவன். மிளகாயும் மஞ்சளும் அரைக்கிற சின்ன மில் ஒன்று வைத்திருக்கிறேன். கரண்டு வருகிற நேரம் பார்த்து அரைத்து, வராத நேரத்தில் சலித்துப் பொட்டலம் கட்டுவது என் பிழைப்பு. தமிழ் எழுதப் படிக்கக் கோயிலில் மாலை வகுப்பில் படித்தேன். இங்கிலீஷ் சுத்தமாக வராது. அந்தப் பள்ளிக்கூடத்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே என் கையில் மிளகாய் நெடி அடிக்கிறதா என்று மோந்து பார்த்துக்கொண்டவன் நான். அந்த நாற்காலியில் உட்கார என்னால் ஆகாது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அதற்கு மரியாதை என்று பேர் வைத்துக்கொண்டேன்.

மச்சான் அப்படி இல்லை. ஊருக்கு நடுவே கியாக்டடாவில் ஒரு கப்பல் சாமான் விடுவிக்கிற கம்பெனியில் இங்கிலீஷில் கடிதம் எழுதும் வேலை அவருக்கு. வெள்ளை முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத லோஞ்சிக் கைலி, பையில் இரண்டு பேனா. பாஸ்போர்ட் பாரம், ஆஸ்பத்திரி பாரம், வீட்டு வாடகைப் பத்திரம், எதுவானாலும் எங்கள் தெருவில் உள்ளவர்கள் அவரிடம்தான் கொண்டுபோவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். யாரிடமும் எதுவும் வாங்க மாட்டார். "ஒரு டீ வாங்கிக் குடு, போதும்" என்பார். அந்த டீயையும் வந்தவனுக்கே பாதி ஊற்றிக் கொடுப்பார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. என் மகளைத் தன் மகளாகவே நினைத்தார். இதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பாவம்.

அவரைப் பற்றி எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. பத்தாவது பரீட்சையில் மூன்று மார்க் குறைந்ததால் என்ஜினியரிங் போய்விட்டது என்பது அந்தக் கதை. அவர் காலத்தில் பத்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். ஆறு பாடத்து மார்க்கையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை வைத்தே யார் டாக்டருக்குப் போவது, யார் என்ஜினியரிங்குக்குப் போவது என்று பிரிப்பார்கள். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. கூட்டுத்தொகை எவ்வளவு என்று மட்டும் கேட்பார்கள். மச்சான் அதில் மூன்று மார்க்கில் தவறினார். அந்தக் கதையை அவர் சொல்லாத கல்யாணவீடு இல்லை, சொல்லாத இழவுவீடு இல்லை. தெருப் பையன்கள் அவருக்கு 'மூணு மார்க் மாமா' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். ஒரு தடவை டீக்கடையில் பால் ஊற்றுகிறவன், "மாமா, சீனி மூணு ஸ்பூனா?" என்று கேட்டான். கடையே சிரித்தது. மச்சானும் சிரித்தார். சிரித்துவிட்டு அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "சிரிடா, சிரி. உன் மகன் பரீட்சை எழுதும்போது என்கிட்ட வா. எந்தப் பாடத்துல மார்க் விழும்னு நான் சொல்றேன்" என்றார். அவன் மகனுக்கும் சொல்லிக் கொடுத்தார். அது நிஜம்.

அவர் சொன்ன யோசனை எப்போதும் ஒன்றுதான். "கஷ்டமான பாடத்த எடுத்துட்டுக் கஷ்டப்பட்டேன்னு சொன்னா எவனும் கேக்க மாட்டான். என்ன படிச்சேன்னு கேக்க மாட்டான். எத்தனைன்னு கேப்பான். எத்தனைன்னு கேக்கும்போது வாயடைக்கிற மாதிரி ஒரு நம்பர் சொல்லணும்." எங்கள் தெருவில் எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பேச்சைக் கேட்டுத் தேறியிருக்கிறார்கள். சர்க்கார் பரீட்சை எழுதுகிற வரைக்கும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

என் மகள் எழுதியது சர்க்கார் பரீட்சை இல்லை. நடுவில் பள்ளிக்கூடங்கள் திறக்காமலும் திறந்தும் கிடந்த வருஷங்களுக்குப் பிறகு, வெளிநாட்டுப் பாடம் நடத்துகிற ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்தோம். எப்படிச் சேர்த்தோம் என்பதை அம்மன் அறிவாள். மகளுக்கு வீடு கட்டுகிற என்ஜினியரிங் படிக்க ஆசை. சின்ன வயதிலிருந்தே எங்கேயாவது கட்டடம் எழும்பினால் நின்றுவிடுவாள். நடக்கச் சொல்லி இழுத்தால், "இருங்கப்பா, அந்தக் கம்பியை ஏன் வளைக்கிறாங்கன்னு பாத்துட்டு வரேன்" என்பாள். மலேசியாவில் ஒரு காலேஜ் இருந்தது. அந்தந்த வருஷம் பள்ளிக்கூடம் முடித்து வருகிற கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அவர்களே எல்லாச் செலவையும் பார்த்துக்கொள்வார்கள் என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு வாசல்தான் இருந்தது.

இப்போது அந்த ஆபீஸ் அறைக்கு வருகிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு பர்மியப் பெண். காலேஜுக்குப் போகிற பிள்ளைகளுக்கு வழி சொல்லுகிற சயாமா. டீச்சரம்மாவை இங்கே அப்படித்தான் சொல்வோம். முப்பது வயதுகூட இருக்காது. கன்னத்தில் தநாக்காப் பட்டைச் சாந்து பூசியிருந்தார். கடைசி வருஷத்தில் இரண்டு கணக்கு உண்டு, ஒன்று கால்குலஸ், இன்னொன்று ஸ்டாட்டிஸ்டிக்ஸ், இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று பர்மியத்தில் பொறுமையாகச் சொன்னார். "இவள் என்ஜினியரிங் என்று எழுதியிருக்கிறாள் ஊலே, அதற்கு கால்குலஸ்தான் நல்லது" என்றார். ஊலே என்றால் மாமா முறை வைத்துக் கூப்பிடுவது. அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பதில் சொன்னது மச்சான்.

"ஒண்ணு கேக்கறேன் சயாமா. கால்குலஸ் எடுத்தா எங்க பிள்ளை எத்தனை வாங்கும்?"

"முதலில் கஷ்டமாக இருக்கும். எழுபது, எழுபத்தைந்து வாங்குவாள்."

"மத்ததுல?"

"அதில் தொண்ணூறுக்கு மேலே. சந்தேகமே இல்லை."

மச்சான் நாற்காலி கிறீச்சிடத் திரும்பி என்னைப் பார்த்தார். "கேட்டீங்களா மாப்ள? டீச்சரம்மாவே சொல்லிட்டாங்க."

சயாமா விடவில்லை. காலேஜில் மார்க்கை மட்டும் பார்க்க மாட்டார்கள், என்ன பாடம் என்றும் பார்ப்பார்கள் என்றார். மச்சான் அவரைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. வயதில் சின்னவர்களைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பு. "நீங்க சின்னப் பொண்ணு சயாமா. நான் பரீட்சை எழுதினப்ப நீங்க பொறக்கவே இல்ல. அப்பவும் இதத்தான் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு மூன்று மார்க் கதையை ஆரம்பித்தார். சயாமா பாவம், முழுக்கக் கேட்டார்.

அந்தக் கதை நடந்துகொண்டிருந்தபோது என் மகள் என் பக்கம் திரும்பினாள். மனசு பதறினால் அவளுக்குத் தமிழ் வராது, பர்மியம்தான் வரும். மெதுவாக, மாமா காதில் விழாதபடி சொன்னாள். "நான் கஷ்டப்பட்டுப் படிச்சுக்குவேன்ப்பா. எழுபது வந்தாலும் பரவாயில்ல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மாமா சொல்றாங்கல்ல பாப்பா" என்றேன். அவ்வளவுதான். மச்சான் தாளில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற இடத்தில் பேனாவால் குறி போட்டு என்னிடம் நீட்டினார். நான் குனிந்து, மேசை ஓரத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். சயாமா அந்தத் தாளை வாங்கி உடனே வைக்கவில்லை. கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அந்த வருஷம் முழுக்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மன் சன்னிதியில் நின்று, என் பிள்ளைக்கு மார்க் கொடு தாயே என்று கேட்டேன். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன். கோயில் படியில் சூடு தாங்காமல் கால் பொத்துப்போனது, அதைக்கூட நல்ல சகுனமாக நினைத்தேன். அம்மன் கேட்டதைக் கொடுத்தாள். தொண்ணூற்றெட்டு. பள்ளிக்கூடத்திலேயே அவள்தான் முதல். மச்சான் அந்த ரிப்போர்ட்டை நகல் எடுத்துக்கொண்டு ஆபீஸ், டீக்கடை, கோயில் என்று எங்கும் காட்டினார். ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் இருந்த தன் பழைய சிநேகிதர் ஒருவருக்குக் காட்டுவதற்காகப் படகு ஏறிப் போய் வந்தார். என் மனைவி சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். தெருவே சாப்பிட்டது. மகளும் சாப்பிட்டாள். சிரித்தமுகமாகத்தான் இருந்தாள். எனக்கு வேண்டியது என்ன என்று தெரியாமலே அம்மனிடம் கேட்டிருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்ட பிறகும் பாடத்தை மாற்ற ஒரு வாரம் அவகாசம் இருந்ததாம். அந்த ஒரு வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமையும் வந்தது. சன்னிதியில் நின்று எனக்குப் புத்தி கொடு என்று கேட்கத் தோன்றவில்லையே.

காலேஜிலிருந்து பதில் அவள் போனுக்கு வந்தது. காலை நேரம். நான் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மச்சான் வழக்கம்போல ஆபீஸ் போகிற வழியில் டீ குடிக்க எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். மகள் வாசித்தாள். வாசித்துவிட்டுப் போனை மாமாவிடம் கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய அசைய வாசித்தார். திரும்ப மேலே தள்ளி வாசித்தார். மூன்றாம் தடவையும் வாசித்தார். "என்ன மச்சான்?" என்றேன். அவர் "தொண்ணூத்தெட்டுன்னு பாத்தானுங்களா இல்லியா?" என்று போனைப் பார்த்துக் கேட்டார்.

மகள்தான் சொன்னாள். "மார்க் ரொம்ப நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்கப்பா. கால்குலஸ் படிக்காதவங்கள என்ஜினியரிங்குக்கு எடுக்க மாட்டாங்களாம். வியாபாரப் படிப்புன்னா தர்றாங்களாம். அதுக்கு இந்த உதவி கிடையாது." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகைச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லவும் வழியில்லை. அந்த உதவி அந்தந்த வருஷம் படித்து முடித்தவர்களுக்கு மட்டும் என்று அவளே என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள்.

நான் பெரியவர்களிடம் குரல் உயர்த்திப் பேசி வளர்ந்தவன் இல்லை. அன்றைக்குப் பேசினேன். "மூணு மார்க்கு மூணு மார்க்குன்னு உங்க கதைய என் பிள்ளை தலையில கட்டிட்டீங்களே மச்சான். உங்களுக்கு மார்க் கொறஞ்சா அதுக்கு இவ என்ன பண்ணுவா?" என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து என் மனைவி வந்தாள். கையில் கரண்டி. அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் அண்ணனைத்தான் பார்த்தாள்.

"அண்ணனுக்கு மார்க் கொறையல" என்றாள்.

"சும்மா இரு புள்ள" என்றார் மச்சான்.

"இன்னும் என்னண்ணே சும்மா இருக்குறது? கொறையலன்னு சொல்லு. பதினோரு மார்க் கூடவே இருந்துச்சுன்னு சொல்லு."

எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றைக்குத்தான் அந்தச் சங்கதி எனக்குத் தெரிந்தது. என் மாமனார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவருடைய அப்பா கப்பலில் வந்தவர். பேப்பரையெல்லாம் முறையாகப் போட்டு வைக்க அவர்களுக்குத் தெரியாது. அதனால் அந்தக் குடும்பத்துக்கு இந்த நாட்டுக் குடிமக்களுக்குள்ள அட்டை கிடைக்கவில்லை. வேறு நிறத்தில் ஒரு அட்டை கிடைத்தது. எங்கள் ஆட்களில் அப்படி எத்தனையோ குடும்பங்கள். மச்சான் பத்தாவதில் என்ஜினியரிங்குக்கு வேண்டியதைவிடப் பதினோரு மார்க் அதிகமாக வாங்கிக்கொண்டு, தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு பாரம் கொடுக்கப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர் மார்க்கைப் பார்த்துத் தலையாட்டினாராம். பிறகு அட்டையைப் பார்த்தாராம். பாரத்தை மடித்து, சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அந்த அட்டைக்கு என்ஜினியரிங் கிடையாது, அதோடு சரி. தன் அப்பா மேல் பழி வரக்கூடாது என்று வீட்டுக்குத் திரும்பி வருகிற வழியிலேயே மச்சான் அந்த மூன்று மார்க்கைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏன் மூணு?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? என் வாயில் அதுதான் வந்தது.

மச்சான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு மார்க்குன்னா பொய்யின்னுவான். பத்துன்னா மடையன்னுவான். மூணுன்னா, அய்யோ பாவம்னு விட்டுருவான்."

"மார்க் எதுக்கும் ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமே மச்சான். தெரிஞ்சுமா என் பிள்ளைய மார்க் பின்னால ஓட விட்டீங்க?"

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கினார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "பதினோரு மார்க் கூட இருந்துச்சு மாப்ள. அது பத்தல. அம்பது கூட இருந்திருந்தா? மாகாணத்துலேயே மொதலா வந்திருந்தா? அப்ப அந்த அட்டைய அவன் பாத்திருப்பானா? பாக்காத மாதிரி விட்டிருப்பான். பாப்பாவ ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல முடியாத மாதிரி அனுப்பணும்னு நெனச்சேன்" என்றார். முப்பத்தைந்து வருஷமாக அவர் உள்ளே போட்டுக்கொண்டிருந்த கணக்கு அது. அதைப் போட்டுப் போட்டுத் தப்பான விடையையே சரியென்று நம்பிவிட்டார். என் மகளுக்கு அட்டைத் தொல்லையே கிடையாது. என் அப்பா அந்த விஷயத்தில் கெட்டிக்காரர், எல்லாவற்றையும் நேர்படுத்தி வைத்துவிட்டுத்தான் செத்தார். இல்லாத தடையைத் தாண்டுவதற்காக மச்சான் அவளுக்கு ஏணி செய்தார். இருந்த வாசலுக்கு அந்த ஏணி உதவவில்லை.

அவர் எழுந்து போனார். டீ அப்படியே இருந்தது. நான் என் மனைவி பக்கம் திரும்பினேன். "உனக்குத் தெரியும். நாங்க பள்ளிக்கூடத்துக்குக் கெளம்புறப்பவும் தெரியும். ஒரு வார்த்த சொன்னியா?" அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "அண்ணன் சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசம்னு ஆயிருச்சுங்க. எங்கப்பா செத்தன்னிக்குக்கூட அப்படித்தான் சொல்லிச்சு. நான் என்ன பண்ணுவேன்?" அதற்கு மேல் நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததைப் பொறுமை என்று சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பல மாதம் அரிசி, எண்ணெய், கரண்டு இவற்றைத் தவிர வேறு பேச்சே இல்லை.

மச்சான் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாரம் எழுதுவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். யாராவது வற்புறுத்தினால், "எனக்கு இப்ப உள்ள பாரமெல்லாம் புரியல தம்பி, வேற ஆளப் பாரு" என்று அனுப்பிவிடுவாராம். சர்க்கரை வியாதி இருந்தது. காலில் புண் வந்து ஆறாமல் ஆஸ்பத்திரியில் படுத்தார். மனைவி தினமும் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். மகளும் போனாள். நான் ஒரே ஒரு தடவை போனேன், அதுவும் ஊர் என்ன சொல்லும் என்பதற்காக. கட்டிலோரம் நின்றேன். உடம்பு பாதியாகியிருந்தது. பையில் பேனா இல்லாத மச்சானை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்தார். "பாப்பா அந்தக் கணக்க தனியா படிக்கிறாளா மாப்ள?" என்று கேட்டார்.

அவள் படித்துக்கொண்டிருந்தாள். கரண்டு இருக்கிற நேரத்தில் போனைச் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டு, நெட் கிடைக்கிறபோது யாரோ நடத்துகிற கால்குலஸ் பாடத்தைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டால், "சும்மாப்பா, தெரிஞ்சுக்கலாம்னு" என்பாள். ஆமாம் மச்சான், படிக்கிறாள் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? நான் சொல்லவில்லை. "இனி எதுக்கு மச்சான்?" என்றேன். அவர் என் கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பத்து நாளில் போய்விட்டார். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவன் நான். கோயிலில் அன்னதானத்துக்கு இலை போடுகிறவன். சாகப்போகிற மனுஷனுக்கு ஒரு வார்த்தை கொடுக்க மனசு வரவில்லை.

இரண்டு வருஷம் ஆகிறது. மகள் இப்போது கியாக்டடாவில் கட்டடச் சாமான் விற்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். யாரோ போட்ட படத்தைப் பார்த்து, எத்தனை கம்பி, எத்தனை மூட்டை சிமெண்டு என்று பட்டியல் போட்டுக் கொடுக்கிற வேலை. ஒரு நாள் ஒரு என்ஜினியர் போட்ட படத்தில் தப்பு இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னாளாம். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாராம் அவர். இதை அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அவருக்கு என்ன பதில் சொன்னாள் என்று அவள் சொல்லவில்லை. அவள் அம்மாவும் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நானும் மகளும் கோயிலுக்குப் போய்விட்டு, அவளை பஸ் ஏற்றிவிடுவதற்காக நின்றுகொண்டிருந்தோம். அன்றைக்கு சன்னிதியில் நான் மனசுவிட்டு அழுதிருந்தேன். மச்சானிடம் பேசாமல் போனதற்கும், பிள்ளைக்குச் செய்ததற்கும் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டிருந்தேன். மனசு லேசானது போல இருந்தது. அந்தத் தைரியத்தில் அவளிடம் சொன்னேன்.

"மாமா மேல கோவம் வச்சுக்காத பாப்பா. அவருக்கு நடந்தது அப்படி."

அவள் ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். "மாமா மேல எனக்கு என்னப்பா கோவம்? ஆஸ்பத்திரியில என் நோட்ட வாங்கிப் பாத்து, புரியலன்னாலும் தடவித் தடவிப் பாத்தாரு. அவர நெறுத்துனது அந்த அட்டைப்பா. பாவம், அவரு என்ன செய்வாரு?"

எனக்கு அப்பாடா என்றிருந்தது. நான் சொல்லாததை இவளாவது அவருக்கு நோட்டைக் காட்டிச் சொல்லியிருக்கிறாளே என்று அம்மனுக்கு நன்றிகூடச் சொன்னேன், மனசுக்குள்ளே. அப்போது அவள் தோள்பையைச் சரிசெய்துகொண்டு, பஸ் வருகிறதா என்று தெருக்கோடியைப் பார்த்தபடி, கோபமே இல்லாத குரலில் கேட்டாள். தமிழில்தான் கேட்டாள்.

"மாமாவ அட்டை நெறுத்துச்சு. என்னைய நெறுத்துனது யாருப்பா?"

சூலே பகோடா பக்கம் போகிற பஸ் வந்தது. கூட்டம். அவள் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இடம் பார்த்து நகர்ந்துவிட்டாள். நான் பதில் சொல்லியிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. இருந்தாலும் வாயைத் திறந்து பார்த்தேன்.